நம் ஊருக்கு நேர் எதிரே

பழவேற்காடு
11-6-2006

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலம். உங்கள் நலத்துக்காக ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். மண்ணடியில் ஜப்பார் மாமா கடைக்கு எழுதினால், அவர் கப்பல் கம்பெனி ஆளிடம் கொடுத்து உங்களுக்குச் சேர்த்துவிடுவார் என்று அம்மா சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் போய் இருபத்து நான்கு நாள் ஆகிறது. நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போய்த் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டீர்கள். பத்து வருடம் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்குப் போய் வந்தவருக்குத் திடீரென்று கப்பல் வேலை எப்படிக் கிடைத்தது என்று தோழிகள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நீங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் உங்கள் ஆலையில் உலை வெடித்து அரசப்பன் அண்ணன் இறந்துபோனார். அன்று உங்களுக்கு விடுப்பு என்று அம்மா சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் பார்த்து வெள்ளைச் சாக்பீஸால் குறி போட்ட பிறகுதான் ஸ்கிராப், அந்தப் பழைய இரும்பு, உலைக்குள் போகும் என்பீர்களே, அன்று நீங்கள் இருந்திருந்தால் அந்த விபத்தே நடந்திருக்காது.

ஆனால் அத்தா, எனக்குப் பயமாக இருக்கிறது. அரசப்பன் அண்ணனின் தம்பி பரசுராமன் தினமும் எதிர் டீக்கடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். டீ குடித்து முடித்த பிறகும் போவதில்லை. நம் வாசலையே பார்க்கிறார். பகலிலும் அம்மா கதவைத் தாழ் போட்டுவிடுகிறார்கள். யாராவது கதவைத் தட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு என் வாயைப் பொத்துகிறார்கள். அரசப்பன் அண்ணனின் மனைவி கங்கம்மா அக்கா இரண்டு முறை வந்து தட்டிவிட்டுப் போனார்கள். கணவரை இழந்தவர்களுக்கு நாம் ஏன் கதவைத் திறக்கக் கூடாது? கேட்டால் அம்மா அழுகிறார்கள்.

உங்கள் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்று எழுதுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் வேண்டும். காரணத்தை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

உங்கள் மகள்
மாஹிரா


கப்பலிலிருந்து
27-6-2006

அன்பு மகள் மாஹிராவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. வ அலைக்கும் ஸலாம். நான் இங்கே நலமாக இருக்கிறேன். பசிபிக் கடலில், தென் அமெரிக்காவுக்கு மேற்கே போய்க்கொண்டிருக்கிறோம். எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான். சோறும் பருப்பும் கிடைக்கிறது. கேப்டன் நல்ல மனிதர். நீ கேட்ட கணக்கெல்லாம் அவருக்குத்தான் தெரியும், கேட்டு எழுதுகிறேன்.

நிற்க. பரசுராமன் தனியாக வருகிறானா, கூட ஆட்கள் உண்டா? போலீஸ்காரர் யாராவது வந்து விசாரித்தார்களா? கங்கம்மா என்ன கேட்டாள்? எல்லாவற்றையும் விவரமாக எழுது. அவர்களிடம் நீ எதுவும் பேச வேண்டாம். ஜப்பார் கடை முகவரியை யாருக்கும் சொல்லாதே. பள்ளிக்குப் போகும்போது அந்த டீக்கடை வழியாகப் போகாதே, மீன் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போ.

அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு
அத்தா சஹாபுதீன்


பழவேற்காடு
7-7-2006

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. நான் அதைக் கிழிக்கவில்லை, மன்னிக்கவும். உங்கள் கையெழுத்தைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அட்லஸ் புத்தகத்தில் பசிபிக் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு ஏரிக்கரைக் குப்பங்களையெல்லாம் வரைபடத்தில் ஏற்ற ஒரு குழு வந்து, பஜார் தெருவில் வீடு எடுத்திருக்கிறார்கள் அல்லவா? அங்கே வேலை பார்க்கும் துர்காதேவி அக்காதான் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறார். குப்பங்களின் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு புள்ளி. புள்ளியின் இரண்டு எண்களும் ஓர் அட்டவணையில் இருக்கும். எண்ணை மாற்றினால் புள்ளி அந்த இடத்துக்குத் தாவிவிடும்.

நீங்கள் உலகத்தின் அந்தப் பக்கம் போய்விட்டீர்கள் என்று நான் சொன்னதும், அக்கா ஒரு வேடிக்கை செய்து காட்டினார். நம் ஊர் வடக்கே 13.42, கிழக்கே 80.32. வடக்கைத் தெற்காக்க வேண்டும். நூற்றெண்பதிலிருந்து 80.32-ஐக் கழித்து, கிழக்கை மேற்காக்க வேண்டும். தெற்கே 13.42, மேற்கே 99.68. இங்கே நம் வீட்டில் ஓர் ஊசியைக் குத்தி, அது பூமியின் நடு வழியாகவே போனால் அங்கேதான் வெளியே வரும். எல்லாக் குப்பங்களுக்கும் சேர்த்து ஒரே கட்டளை கொடுத்தோம். அத்தனையும் பசிபிக் கடலில் போய் விழுந்தன. ஏரி தலைகீழாகத் தெரிந்தது. ஆந்திரா எல்லை நமக்குத் தெற்கே வந்துவிட்டது, ஆனால் கிழக்கும் மேற்கும் இருந்தபடியே இருந்தன. சுற்றிலும் வெறும் நீலம், ஒரு தீவுகூட இல்லை. நீங்கள் சொன்ன தென் அமெரிக்காவுக்கு மேற்கே என்பது இதுதான் அத்தா. நீங்கள் எங்கள் காலுக்கு நேர் கீழே போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் புள்ளியைக் கடக்கும்போது கேப்டனிடம் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். பரசுராமன் தனியாகத்தான் வருகிறார். போலீஸ் வரவில்லை. கங்கம்மா அக்காவிடம் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் உங்கள் கடிதம் வந்த மறுநாளே பேசும்படி ஆகிவிட்டது. தன் குப்பத்தின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர்களே துர்காதேவி அக்காவிடம் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அருகில் வந்து உட்கார்ந்தார்கள்.

"பாப்பா, உங்க நைனா எங்க கீறாரு?"

நான் பெருமையாகத் திரையில் காட்டினேன். "இதோ, இங்கேதான். கப்பலில்."

அவர்கள் அந்த நீல இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். விரலை எடுக்கவே இல்லை. "இவ்ளோ தண்ணியா" என்றார்கள். பிறகு, "நான் இன்னா அவர அடிக்கவா வந்தேன்? ஒரு வார்த்த கேக்கத்தான் வந்தேன். எம் புருசன் அன்னிக்கு வேலைக்கி வரவே இல்லியாம். இரும்பு திருட உள்ள பூந்தானாம். காண்ட்ராக்டர் எழுதிக் குடுத்துட்டான். கூட இருந்தவங்க எல்லாம் வடநாட்டுப் பசங்க, ஊருக்கு அனுப்பிட்டாங்க. உங்க நைனா ஒருத்தர்தான் பாக்கி" என்றார்கள்.

உங்களுக்குத்தான் அன்று விடுப்பாயிற்றே என்று நான் சொன்னேன். அவர்கள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பயமாக இருந்தது. கோபமான பார்வை இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

உங்கள் மகள்
மாஹிரா


கப்பலிலிருந்து
22-7-2006

அன்பு மகளுக்கு,

நீ எழுதிய இடத்தை நேற்று ராத்திரி கடந்தோம். கேப்டனே வந்து சொன்னார். நான் கப்பல் விளிம்பில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கடல் அமைதியாக இருந்தது. நீ கவலைப்படுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன். எத்தனை தூரம் போனாலும் வானம் ஒன்றுதானே. நம் ஏரியில் படகில் வரும்போது உனக்குக் காட்டுவேனே, அந்த வடமீன், நேற்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் கீழேதான் நீயும் அம்மாவும் தூங்குகிறீர்கள் என்று நினைத்ததும் மனசு கொஞ்சம் அடங்கியது.

கங்கம்மா சொன்னதைப் படித்தேன். ஆலை விஷயம் பெரியவர்கள் விஷயம், உனக்கு வேண்டாம். அவளை இனிமேல் பார்த்தாலும் ஒதுங்கிப் போய்விடு. அவள் சும்மா வரமாட்டாள், பின்னால் பரசுராமன் இருப்பான். ஒரு வருடம் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதன் பிறகு நான் வருகிறேன்.

நன்றாகப் படி.

அத்தா


பழவேற்காடு
30-7-2006

அன்புள்ள அத்தாவுக்கு,

அவசரம். இந்தக் கடிதத்தைப் படித்த உடனே உங்கள் கேப்டனிடம் போங்கள்.

கப்பல் வழி தவறிவிட்டது. கேப்டனுக்கு அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

வடமீன், அதாவது துருவ நட்சத்திரம், அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுதான் நாம் நிற்கும் அட்சரேகை. நம் ஊர் பதின்மூன்று. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே தெரியும், நான் ஏரிக்கரையில் நின்று அளந்தே பார்த்துவிட்டேன். பூமத்திய ரேகையில் அது அடிவானத்தைத் தொட்டுவிடும். அதற்குத் தெற்கே போனால் கடலுக்குக் கீழே போய்விடும், எவ்வளவு தேடினாலும் தெரியாது. புத்தகத்தில் இருக்கிறது. துர்காதேவி அக்காவிடமும் கேட்டேன். "தெக்க பதிமூணுல நின்னுக்கினு வடமீனைப் பாக்கவே முடியாதுடி" என்றார்.

நீங்கள் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைத் தவறாக அடையாளம் காண்பவர் இல்லை. ஆகவே கப்பல் பூமத்திய ரேகைக்கு வடக்கேதான் இருக்கிறது. தெற்கே இருப்பதாக நினைத்துக்கொண்டு வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறீர்கள். பாறை இருந்தாலும் தெரியாது, புயல் எச்சரிக்கை வந்தாலும் வேறு கடலுக்கு வந்ததாக நினைத்துக்கொள்வீர்கள். கேப்டனிடம் காட்டுவதற்காக இதையே ஆங்கிலத்தில் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள்.

கடிதம் சேர நாளாகுமே என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஜப்பார் மாமாவுக்குப் போன் செய்தேன். கப்பலின் பெயர் கேட்டேன். "அது பெரிய கப்பல்மா" என்றார். பெயர் என்ன என்று மறுபடி கேட்டேன். "ரொம்பப் பெரிசு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அத்தா, தினமும் அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கிறீர்களே. உடனே பதில் போடுங்கள்.

மாஹிரா


பழவேற்காடு
18-8-2006

அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை.

முதல் பத்து நாள் கப்பல் மூழ்கிவிட்டது என்றே நினைத்தேன். பேப்பரில் கப்பல் செய்தி வந்திருக்கிறதா என்று பள்ளி நூலகத்தில் தினமும் பார்த்தேன். பிறகு உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்து, ஏதாவது தடயம் கிடைக்குமா என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மடிக்கும்போதுதான் பார்த்தேன். இரண்டாவது கடிதத்தின் மடிப்பில் சாம்பல் இருந்தது. விறகுச் சாம்பல் இல்லை. மாவு போல, விரலில் ஒட்டினால் போகாத சாம்பல்.

போன வருடம் மீஞ்சூரிலிருந்து சென்னைக்குப் போனபோது, அத்திப்பட்டில் ரயில் நின்றதே. அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியில் படிந்துவிட்டது. அம்மா தட்டத் தட்டப் பரவியது. "அனல்மின் நிலையத்துச் சாம்பல். தட்டினா போவாது, தண்ணியிலதான் போவும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

நான் கடிதத்தைத் திறந்தபடியே அம்மாவிடம் கொண்டுபோனேன். அத்தா எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று கேட்டேன். அம்மா கோபப்படவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தார்கள், கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே சொன்னார்கள்.

"உங்க அத்தா பரசுராமனுக்கு பயந்துகினு போவல. அந்தப் பொண்ணு கங்கம்மா ஒரு நாள் மூஞ்சப் பாத்து கேட்டுட்டா இன்னா சொல்றதுன்னு பயந்துகினு போயிட்டாரு."

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வெடித்த அன்று மாலை உங்கள் சட்டையை நான்தான் துவைத்தேன். பையில் சாக்பீஸ் துண்டு இருந்தது, துணி முழுக்க வெள்ளையாகிவிட்டது என்று உங்களைத் திட்டிக்கொண்டே அலசினேன். விடுப்பில் இருப்பவர் பையில் சாக்பீஸ் எதற்கு? அன்றே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டாத விஷயத்தை நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

துர்காதேவி அக்காவிடம் எதுவும் சொல்லாமல், அவர் டீ குடிக்கப் போனபோது அளந்தேன். அந்த மென்பொருளில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் தூரம் வந்துவிடும். நம் வீட்டிலிருந்து நேர் எதிர்ப்புள்ளிக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். பூமியில் அதைவிடத் தூரமான இடம் கிடையாது, அதைத் தாண்டிப் போனால் திரும்பி வருகிறோம் என்று அர்த்தம். நம் வீட்டிலிருந்து அத்திப்பட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். ஐந்து நிமிடம் அந்தப் பதினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அக்கா வரும் சத்தம் கேட்டது, அழித்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் எனக்குப் பரசுராமனைப் பார்த்துப் பயம், கடலை நினைத்துப் பயம். இப்போது உங்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. என் பெயரைக் கூப்பிட்டதாக எழுதினீர்கள். நான் அந்த வரியை எத்தனை முறை படித்தேன் தெரியுமா?

கங்கம்மா அக்கா நேற்றும் வந்தார்கள். இந்த முறை நான் கதவைத் திறந்தேன். அம்மா தடுக்கவில்லை. வரும் 28ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் திருவள்ளூரில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. சாட்சி இல்லை என்றால் காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்ததுதான் நிற்குமாம். அவர்களுடைய பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். திருடன் பையன் என்று கூப்பிடுகிறார்கள் என்று பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறானாம். "உங்க நைனா கப்பலு கரைக்கி வரதுக்கு இன்னும் எத்தினி நாளு ஆவும் பாப்பா?" என்று கேட்டார்கள். நான் வாசலுக்கு வந்து கடல் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, ரொம்ப நாள் ஆகும் என்றேன்.

முன்பு சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. நேற்று தெரிந்தே சொன்னேன்.

28 வரை நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். 29ஆம் தேதி அவர்கள் வந்து கேட்டால், என்னால் மறுபடியும் அந்த நீலத்தைக் காட்ட முடியாது.

அம்மா நலம். நேற்று மீன் குழம்பு வைத்தார்கள். உங்களுக்கும் சேர்த்தே வைத்துவிட்டு, பிறகுதான் பார்த்தார்கள்.

மாஹிரா


அத்திப்பட்டு
24-8-2006

அன்பு மகள் மாஹிராவுக்கு அத்தா எழுதிக்கொள்வது.

உன் கடைசிக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதற்கு முந்தியதும் முன்பே வந்தது. கேப்டனுக்கு நீ ஆங்கிலத்தில் எழுதிய தாளை யாரிடம் காட்டுவது? சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சாம்பல் லாரியில் மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் எழுதப் பல முறை உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயமாக இருந்தது.

உனக்கு ஆலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முனையும் அடைபட்ட குழாய் வந்தால் வெட்டித் திறந்த பிறகுதான் குறி போட வேண்டும். உள்ளே காற்றோ தண்ணீரோ இருந்தால் உருகிய இரும்பில் விழுந்ததும் வெடித்துவிடும். இது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். அன்று இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. உலை காத்திருக்கிறது என்று மேலே நின்று கத்தினார்கள். ஒரு குழாய்தானே என்று குறி போட்டுவிட்டேன். அரசப்பன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "பாய், இத்த வெட்டல போலக்கீதே" என்றான். "குறி போட்டாச்சு இல்ல, போடு" என்றேன்.

நான் சொன்ன வார்த்தையை நம்பிப் போனான். அவன் திருட வந்தவன் இல்லை. காலையில் எனக்குப் பின்னால் நின்று வருகைப் பதிவில் கை நாட்டு வைத்தவன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வருடம் கண்ணில் படாதே, உன் பெயரும் வராது என்று காண்ட்ராக்டர் சொன்னான். நானும் சரி என்றேன். கப்பல் என்று சொன்னால் நீ தேடமாட்டாய் என்று நினைத்தேன். நீ தேடின தேடலைப் பார்.

திங்கட்கிழமை நான் திருவள்ளூருக்குப் போகிறேன். இதையெல்லாம் அங்கே சொல்வேன், குறியைப் பற்றியும் சொல்வேன். அதன் பிறகு என்னை வீட்டுக்கு அனுப்புவார்களா, வேறு எங்காவது அனுப்புவார்களா, தெரியாது. பரசுராமன் வாசலில் நிற்பானா என்பதும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது மாஹிரா. அத்தா தைரியசாலி என்று உன்னிடம் இனி பொய் சொல்ல முடியாது.

நீ இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இன்றே கங்கம்மாவிடம் போ. அவள் வீட்டு வாசலில் நின்று படித்துக் காட்டு. எந்த வரியையும் விடாதே. அம்மாவைக் கதவுத் தாழை எடுத்துவிடச் சொல்.

இதற்கு முன்னால் எழுதியவற்றை நீ கிழிக்காமல் வைத்திருப்பாய். அவற்றில் கப்பல் பொய், கேப்டன் பொய், கடல் பொய். வடமீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியது மட்டும் உண்மை. சாம்பல் குட்டைக் கரையில் நின்று பார்த்தேன். ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, நீ அளந்த அதே உயரத்தில்தான் இங்கேயும் இருக்கிறது.

அத்தா
சஹாபுதீன்